டைகர் மாத் விமானத்தைத் தொழிற்சாலை நிலைக்கு மீட்டெடுப்பது: முழுமையான வழிகாட்டி

பழைய இரட்டை இறக்கை விமானத்தை மீட்க நினைக்கும் பலரும் முதலில் கேட்பது, எந்த வண்ணம் அடிக்கலாம், இன்ஜின் வேலைக்கு யாரிடம் போகலாம் என்பதுதான். அதற்கெல்லாம் நேரம் இருக்கிறது. முதலில் கேட்க வேண்டியது வேறு: இந்த விமானத்தை எந்த நாளின் நிலைக்குக் கொண்டுபோகப் போகிறீர்கள்? அதற்கு என்ன சாட்சி வைத்திருக்கிறீர்கள்? மீட்பு வேலை என்பது பாதிக்கு மேல் சாட்சி தேடும் வேலை. அந்தச் சாட்சியில் பெரும்பகுதி விமானத்துக்குள்ளேயே, துணிக்கு அடியிலும் பழைய பெயின்ட்டுக்கு அடியிலும் கிடக்கிறது. பொறுமையில்லாமல் பிரித்தால் அது குப்பைக்குப் போய்விடும்.

இந்த வழிகாட்டி டி ஹாவிலண்ட் டிஎச்.82 டைகர் மாத்தை வைத்து எழுதப்பட்டது. 1931 அக்டோபர் 26 அன்று லண்டன் ஸ்டேக் லேன் விமானத்தளத்தில் ஹியூபர்ட் பிராட் ஓட்ட, இது முதன்முதலாகப் பறந்தது. 8,000-க்கும் மேல் தயாரானது. இரண்டாம் உலகப்போரில் பிரிட்டனும் காமன்வெல்த் நாடுகளும் தம் விமானிகளுக்குப் பால பாடம் சொல்லிக்கொடுத்தது பெரும்பாலும் இதில்தான். இந்தியாவில் பேகம்பேட்டிலும் ஜோத்பூரிலும் இருந்த ஆரம்பப் பயிற்சிப் பள்ளிகளில் இது ஓடியது. பிறகு இந்திய விமானத் தயாரிப்பு நிறுவனமான எச்ஏஎல் தயாரித்த எச்டி-2 பயிற்சி விமானம் அந்த இடத்துக்கு வந்தது. இந்திய விமானப்படை தன்னுடைய டைகர் மாத் ஒன்றைப் பிரிட்டனில் மீட்டெடுத்து, 2012 விமானப்படை நாளில் மீண்டும் பறக்கவிட்டது. வரைபடம், உதிரிபாகம், அனுபவசாலிகள் மூன்றும் இன்றும் கிடைக்கும் பழைய விமானங்கள் மிகச் சில. முதல் முயற்சிக்கு நான் தயங்காமல் சொல்வது டைகர் மாத்தைத்தான்.

படி 1: எந்த நாள் என்று முடிவு செய்வது

"தொழிற்சாலை நிலை" என்பது டைகர் மாத்துக்கு ஒன்றல்ல. முதலில் வந்த டிஎச்.82-இல் 120 குதிரைத்திறன் ஜிப்ஸி III இன்ஜின். அடுத்து வந்த டிஎச்.82ஏ-வில் 130 குதிரைத்திறன் ஜிப்ஸி மேஜர். காக்பிட்டுக்குப் பின்னால் உள்ள முதுகுப்பகுதியும் மாறியது: மெல்லிய மரச்சட்டங்களின் மேல் துணி இழுத்த இடத்தில் பிளைவுட் வந்தது. கனடாவில் செய்த டிஎச்.82சி-க்குக் குளிருக்காக மூடிய காக்பிட்டும், சக்கர பிரேக்கும், வால்சக்கரமும் உண்டு. பிரிட்டனிலேயே ஹாட்ஃபீல்டில் செய்தது ஒன்று, போர்க்காலத்தில் காவ்லியில் மாரிஸ் மோட்டார்ஸ் கார் தொழிற்சாலையில் செய்தது இன்னொன்று. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் தயாரானவை வேறு.

வால் பகுதியின் இருபுறமும், கிடைமட்ட வாலுக்கு முன்னால் நீளும் மெல்லிய பட்டைகளைக் கவனியுங்கள். சுழன்று விழும்போது எளிதில் மீள்வதற்காகப் போர்க்காலத்தில் சேர்த்த மாற்றம் அது. 1930-களின் விமானமாக மீட்கிறீர்கள் என்றால் அது இருக்கக் கூடாது. ஆனால் உங்கள் நாட்டின் பறப்பு அனுமதி அந்தப் பட்டைகளைக் கேட்கக்கூடும் என்பதால், கழற்றும் முன் அதிகாரிகளிடம் பேசிவிடுங்கள்.

அடுத்தது உங்கள் கையிலிருக்கும் விமானத்தின் அடையாளம். காக்பிட்டுக்குள் உள்ள தகட்டில் தயாரிப்பு எண் இருக்கும். அந்த எண் எந்த விமானப்படை எண்ணுக்கு, எந்தச் சிவில் பதிவுக்குப் போனது என்று பதிவேடுகளில் தொடர்ந்து பாருங்கள். தகடு ஒன்றை மட்டும் நம்ப வேண்டாம். பயிற்சிப் பள்ளிகளில் நாள்தோறும் எங்காவது ஒரு விமானம் தரையில் மூக்குக் குத்தும். பழுதுபார்ப்புப் பட்டறைகளில் ஒன்றின் இறக்கை இன்னொன்றுக்குப் போகும். போர் முடிந்த பிறகு மூன்று உடைந்த விமானங்களிலிருந்து ஒன்றைத் தேற்றியவர்களும் உண்டு. உங்கள் விமானத்தின் நான்கு இறக்கைகளும் நான்கு வெவ்வேறு விமானங்களில் பிறந்திருந்தால் அதில் வெட்கப்பட எதுவுமில்லை. அது அந்த விமானத்தின் உண்மையான வரலாறு. அப்படியே எழுதி வையுங்கள்.

படி 2: வாங்குமுன் பார்ப்பது

விமானம் இதுவரை என்ன வேலை செய்தது என்று கேளுங்கள். நியூசிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் போருக்குப் பின் நிறைய டைகர் மாத்கள் உரம் தூவும் வேலைக்குப் போயின. முன் காக்பிட் இருந்த இடத்தில் உரத்தொட்டி பொருத்தி, சூப்பர் பாஸ்பேட் தூவினார்கள். அந்தத் தூள் ஈரத்தோடு சேர்ந்தால் எஃகுக் குழாயை அரித்துத் தின்னும். வெளிப்பார்வைக்குப் பளபளக்கும் விமானத்தின் அடிக்குழாய்கள் உள்ளுக்குள் காகிதமாகியிருக்கலாம். சில விமானங்களின் உடலை அகலப்படுத்தி நான்கு பேர் அமரும் ஜாக்கரூ என்ற ரகமாக ஆக்கினார்கள். அதுவும் ஒரு வரலாறுதான். அதை மறுபடி டைகர் மாத்தாக மாற்றுவது பெரிய வேலை என்பதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

இந்த ரகத்தின் வடிவமைப்புப் பொறுப்பு இப்போது இங்கிலாந்தின் டக்ஸ்ஃபோர்டில் உள்ள டி ஹாவிலண்ட் சப்போர்ட் நிறுவனத்திடம் இருக்கிறது. பராமரிப்புக் கையேடு, பழைய தொழில்நுட்ப அறிவிப்புத் தாள்கள், வரைபடங்கள் ஆகியவற்றை அங்கே கேட்டு வாங்கி, ஒரு போல்ட்டைத் தொடும் முன் முழுவதையும் படித்துவிடுங்கள். எந்த வேலைக்கு யார் கையெழுத்திட வேண்டும், எந்தக் கட்டத்தில் பரிசோதகரை அழைக்க வேண்டும் என்பதையும் அப்போதே முடிவு செய்யுங்கள். துணி போர்த்திய பிறகு பரிசோதகர் வந்து "உள்ளே பார்க்க வேண்டும்" என்றால், துணியை அறுப்பதைத் தவிர வேறு வழியில்லை.

கருவிகள் பற்றி ஒரு வார்த்தை. இந்த விமானத்தின் மரைகள் பழைய பிரிட்டிஷ் அளவு: பிஎஸ்எஃப், பிஏ. மெட்ரிக் ஸ்பேனரும் அமெரிக்க ஸ்பேனரும் ஏறக்குறையப் பொருந்துவதுபோல் இருந்து, நட்டின் முனைகளை வழித்துவிடும். பிரிட்டிஷ் அளவு ஸ்பேனர் ஒரு முழு செட் வாங்கிய பிறகே வேலையைத் தொடங்குங்கள்.

படி 3: பிரிப்பது

எந்த இடத்துக்கு இந்த முழு வேலையிலும் அதிக நேரம் கொடுக்க வேண்டும் என்று கேட்டால், நான் இதைத்தான் சொல்வேன்.

துணியைக் கத்தியால் கிழித்து எறியாதீர்கள். முதலில் வெளிப்புறம் முழுவதையும் அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள். பதிவெண், வட்டச் சின்னங்கள், எச்சரிக்கை எழுத்துகள் எல்லாவற்றின் இடத்தையும் ஒரு நிலையான புள்ளியிலிருந்து அளந்து குறியுங்கள். பிறகு, பெயின்ட் அடுக்குகளை மெல்லிய உப்புத்தாளால் வட்டமாகத் தேய்த்துப் பாருங்கள். ஒவ்வோர் அடுக்கும் ஒரு வளையமாகத் தெரியும்: அண்மைக்கால வண்ணம், அதற்கடியில் பறப்புக் கழக வண்ணம், அதற்கும் அடியில் பயிற்சி விமானத்தின் மஞ்சள். துணி பலமுறை மாற்றப்பட்டிருந்தால் இறக்கையில் பழைய வண்ணம் கிடைக்காது. உலோக மூடிகளின் உட்புறம், கீல்களின் அடிப்புறம், கருவிப் பலகையின் பின்புறம் ஆகிய இடங்களில் கிடைக்கும். அந்தத் துண்டுகளை வெளிச்சம் படாத உறையில் போட்டு, எங்கிருந்து எடுத்தது என்று எழுதி வையுங்கள்.

துணியை மடிப்போடு கழற்றி, ஒவ்வொரு இறக்கைக்கும் ஒரு முழுத்துண்டையாவது சுருட்டி வைத்துக்கொள்ளுங்கள். ரிப்புகளில் (இறக்கைக்கு வடிவம் தரும் குறுக்குச் சட்டங்கள்) தைத்த தையல்களின் இடைவெளி, நாடாவின் அகலம், நீர் வடியும் துளைகளின் இடம் ஆகியவற்றுக்குப் பின்னால் அதுதான் முன்மாதிரி.

கழற்றிய ஒவ்வொரு பாகத்துக்கும் ஓர் எண், ஓர் அட்டை, ஒரு படம். போல்ட்களைத் திரும்பப் பயன்படுத்தப் போவதில்லை என்றாலும் தூக்கி எறிய வேண்டாம். எந்தத் திசையிலிருந்து போல்ட் நுழைந்தது, எத்தனை வாஷர் இருந்தது என்பது வரைபடத்தில் எப்போதும் இருப்பதில்லை. பெட்ரோல் டேங்க் மேலிறக்கையின் நடுப்பகுதியில் இருக்கிறது, கொள்ளளவு 19 இம்பீரியல் காலன். காலியான டேங்க்தான் ஆபத்தானது. ஆவி போகும்வரை அதன் பக்கத்தில் மின்கருவியோ நெருப்போ கூடாது.

படி 4: எஃகு உடற்கூடு

உடற்கூடு பற்றவைத்த எஃகுக் குழாய்களால் ஆனது. முன்பகுதி, பின்பகுதி என இரண்டாகக் கழலும். அடியில் நீளவாக்கில் ஓடும் குழாய்களும், வால்சறுக்கை (வாலுக்கு அடியில் சக்கரத்துக்குப் பதில் இருக்கும் சறுக்கும் பாகம்) தாங்கும் பின்முனையும்தான் முதலில் துருப்பிடிக்கும் இடங்கள். தண்ணீர் எங்கே தேங்கும் என்று யோசித்தால் துரு எங்கே இருக்கும் என்று தெரியும். விமானம் தரையில் வால் தாழ்ந்து நிற்பது என்பதை மறக்காதீர்கள்.

பழைய பெயின்ட்டை நீக்க முரட்டு மணல் வீச்சு வேண்டாம். மெல்லிய சுவருள்ள குழாயை அது தேய்த்துவிடும். மென்மையான கண்ணாடி மணி வீச்சு போதும், அதுவும் ஒரே இடத்தில் நின்று அடிக்கக் கூடாது. சுத்தமான பிறகு ஒவ்வொரு பற்றவைப்பையும் சாய மையோ காந்தத்தூளோ வைத்து விரிசலுக்குப் பாருங்கள். குழாயின் உள்துருவை அறிய, கீழ்ப்பக்கத்தில் கூர்ஆணியை வைத்துத் தட்டிப் பார்ப்பது பழைய முறை. நல்ல சுவர் சிறு தழும்போடு நிற்கும், அரித்த சுவர் உள்வாங்கும். அல்ட்ராசவுண்ட் தடிமன் மானி இருந்தால் அளவையே எழுதி வைக்கலாம். கெட்ட குழாயை வெட்டி மாற்றும்போது, கூட்டை அசையாத சட்டத்தில் பூட்டிய பிறகே பற்றவைக்க வேண்டும். சூட்டில் கூடு திருகிக்கொண்டால் பிறகு எந்தக் கம்பியை முறுக்கினாலும் விமானம் நேராகப் பறக்காது. வேலை முடிந்ததும் குழாய்களுக்குள் சூடான ஆளி விதை எண்ணெய் ஊற்றி, சுற்றிச் சாய்த்து, வடித்து, துளையை அடைக்க வேண்டும். உள்துருவுக்கு இன்றும் அது நல்ல காப்பு.

இங்கே ஒரு பாகத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். உடற்கூட்டின் குறுக்கே ஓடி, இரண்டு கீழிறக்கைகளின் இழுவிசையையும் தாங்கும் இழுகம்பிகள் உண்டு. 2013 டிசம்பர் 16 அன்று ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து கடலோரம் ஒரு டைகர் மாத் வானத்திலேயே சிதறி, விமானியும் பயணியும் இறந்தார்கள். அந்நாட்டுப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பு ஆராய்ந்தபோது, அந்த விமானத்தின் இழுகம்பிகள் இரண்டிலும் மரைப் பகுதியில் உலோகச் சோர்வு விரிசல்கள் முன்பே வளர்ந்திருந்தது தெரிந்தது. அவை பழைய கம்பிகள் அல்ல. பிற்காலத்தில் வேறோர் இடத்தில் செய்து அனுமதி பெற்ற மாற்றுக்கம்பிகள். குறித்த ஆயுளை எட்டும் முன்பே அவை உடைந்தன.

அசல் பாகம் என்பதற்காக ஒரு கம்பியை வைத்துக்கொள்வதும் தவறு, புதியது என்பதற்காக நம்புவதும் தவறு என்று அந்த விபத்திலிருந்து நான் எடுத்துக்கொண்டேன். இந்தக் கம்பிகளுக்கு மணிக்கணக்கிலும் வருடக்கணக்கிலும் ஆயுள் உண்டு. எந்த எஃகு, யார் செய்தது, மரை எப்படி வெட்டப்பட்டது, எப்போது பூட்டப்பட்டது என்ற நான்குக்கும் தாளில் பதில் இல்லாத கம்பி உங்கள் விமானத்துக்குள் போகக் கூடாது. பழைய கம்பியை ஆசைப்பட்டால் கண்ணாடிப் பெட்டியில் வையுங்கள்.

படி 5: இறக்கை மரவேலை

டைகர் மாத்தின் இறக்கை மரத்தாலானது. நீளவாக்கில் ஓடும் முதன்மைச் சட்டங்களான இரண்டு ஸ்பார், அவற்றின் குறுக்கே ரிப்புகள், இடையில் மூலைவிட்டமாக இழுத்த கம்பிகள். ஸ்பார் ஸ்ப்ரூஸ் மரம். வட அமெரிக்காவின் பசிபிக் கரையோரம் வளரும் சிட்கா ஸ்ப்ரூஸ் இதற்குப் பேர்போனது. எடைக்கு ஏற்ற வலுவில் அதற்கு இணை சொல்ல மரம் குறைவு.

ஸ்பாரில் நீங்கள் தேட வேண்டிய மோசமான குறை அழுகல் அல்ல. அழுகல் கறுத்தோ மென்மையாகியோ தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். ஒளிந்திருப்பது அமுக்க முறிவு. எப்போதோ முரட்டுத்தனமாகத் தரையிறங்கியபோதோ இறக்கை முனை தரையில் இடித்தபோதோ, மரநார்கள் அமுங்கி மடிந்து, நாருக்குக் குறுக்கே முடியிழை போன்ற கோடாக நிற்கும். கைவிளக்கை மரத்தின் மேல் ஏறக்குறையப் படுக்கவைத்து, நாரின் திசையிலேயே ஒளி ஓடும்படி காட்டினால் அந்தக் கோடு தெரியும். வார்னிஷை நீக்காமல் பார்த்துவிட்டேன் என்று சொல்வதில் அர்த்தமில்லை. ஸ்ட்ரட் (மேல், கீழ் இறக்கைகளுக்கிடையே நிற்கும் தூண்) பூட்டும் இடங்களிலும், மரத்தைத் தடிமனாக்க ஒட்டிய கட்டைகளின் ஓரங்களிலும், போல்ட் துளைகளைச் சுற்றியும் இருமுறை பாருங்கள். கோடு தெரிந்த ஸ்பாரைச் சரிசெய்யும் பேச்சே வேண்டாம். புதிய ஸ்பார் செய்யுங்கள்.

புதிய மரம் வாங்கும்போது நாரின் சாய்வு 15-க்கு 1 என்ற அளவுக்குள் இருக்க வேண்டும். ஈரப்பதம் 8-இலிருந்து 12 விழுக்காடு. முடிச்சு, பிசின் பை, சுருள்நார் உள்ள பலகையை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் ஒதுக்குங்கள். முனையில் மட்டும் கெட்ட ஸ்பாருக்குச் சாய்வெட்டு இணைப்புப் போடலாம், கையேடு அனுமதிக்கும் இடத்தில் மட்டும். சாய்வு 10-க்கு 1-க்குக் குறையக் கூடாது, 12-க்கு 1 இன்னும் நல்லது. இரு முகங்களும் கூரிய இழைப்புளியால் சீவியவையாக இருக்க வேண்டும்; உப்புத்தாள் தேய்த்த முகத்தில் தூசு நாருக்குள் அடைந்து பசை ஊறாது.

பசையைப் பற்றித் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் "அசல்" என்ற சொல் ஆளைத் தடுமாற வைக்கும் இடம் இது. அந்தக் காலத்து மர விமானங்கள் பலவற்றில் பாலிலிருந்து எடுத்த கேசின் பசை பயன்பட்டது. ஈரமும் பூஞ்சையும் அதைத் தின்றுவிடும். இணைப்பு வெளியே ஒட்டியிருப்பதுபோல் இருக்கும், மெல்லிய தகட்டை நுழைத்தால் வெண்ணெயில் கத்தி போவதுபோல் போகும். அதை மறுபடி பயன்படுத்த யாரும் கேட்க மாட்டார்கள். ரிசார்சினால் பசை இன்றைக்கும் நம்பகமானது: தண்ணீருக்கும் வெயிலுக்கும் அசையாது. ஆனால் அது முகங்கள் நெருக்கமாகப் பொருந்துவதையும் நல்ல கிளாம்ப் அழுத்தத்தையும் கேட்கும். இடைவெளியை நிரப்பும் குணம் அதற்கு இல்லை. எபாக்சி இடைவெளியை மன்னிக்கும். ஆனால் கடும் வெயிலில் கருநிற இறக்கைக்குள் ஏறும் சூட்டில் சில எபாக்சிகள் இளகும். ஒவ்வொரு முறை பசை கலக்கும்போதும் அதே பசையில் ஒரு சோதனைத்துண்டு ஒட்டி, மறுநாள் உடைத்துப் பாருங்கள். மரம் கிழிய வேண்டும், பசைக்கோடு பிரியக் கூடாது. துண்டில் தேதி எழுதி வைத்துக்கொண்டால் பரிசோதகர் கேட்கும்போது பேச்சே வேண்டியிருக்காது.

ரிப்புகளை எடுத்தெறிந்துவிட்டு மொத்தமாகப் புதிது வாங்கிப் போடுவோர் உண்டு. நான் அதை ஒப்பவில்லை. 1930-களின் தொழிலாளி பென்சிலால் போட்ட குறி, பரிசோதகரின் முத்திரை எல்லாம் அந்த ரிப்பில்தான் இருக்கும். சரிசெய்ய முடிந்த ரிப்பைச் சரிசெய்யுங்கள். முத்திரை இருக்கும் இடத்தில் நிறமற்ற வார்னிஷ் அடியுங்கள்.

மேலிறக்கையின் முன்விளிம்பில் தானாகத் திறக்கும் ஸ்லாட்கள் (குறைந்த வேகத்தில் இறக்கைக்கு உதவும் சிறு மடல்கள்) உங்கள் விமானம் பிறந்தபோது இருந்தனவா என்று பாருங்கள். சிவில் வாழ்க்கையில் பலர் எடை குறைக்கக் கழற்றிவிட்டார்கள். விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் மடலான எய்லரான் கீழிறக்கையில் மட்டும்தான்.

படி 6: துணியும் டோப்பும்

தொழிற்சாலை நிலை வேண்டும் என்றால் லினன், அல்லது போர்க்காலத்தில் பயன்பட்ட நெருக்கமான பருத்தித் துணி. நீண்டகாலம் உழைக்க வேண்டும் என்றால் பாலியெஸ்டர். அரங்கில் நிற்கப்போகும் விமானத்துக்கு லினனைத் தவிர வேறெதுவும் போடாதீர்கள் என்பேன். வாரந்தோறும் பறந்து வெயிலில் நிற்கப்போகும் விமானத்துக்குப் பாலியெஸ்டரைக் குறைசொல்ல மாட்டேன். பதிவேட்டில் எழுதிவிட்டால் போதும். இரண்டுக்கும் வேலைமுறை வேறு என்பதுதான் முக்கியம்.

லினன் இறக்கைக்கு உறைபோல் தைத்துப் போர்த்தப்படும். தண்ணீர் தெளித்தால் சற்று இறுகும், டோப் (துணியை இறுக்கிக் காக்கும் பூச்சு) மீதி இறுக்கத்தைத் தரும். பாலியெஸ்டரை இஸ்திரிப்பெட்டியால் இறுக்க வேண்டும். பெட்டியின் சூட்டை வெப்பமானியால் சரிபார்க்காமல் துணியைத் தொடாதீர்கள். அளவு மீறினால் மெல்லிய பின்விளிம்பு உள்நோக்கி வளைந்துவிடும். அதற்குப் பிறகு துணியைக் கழற்றித்தான் தீர வேண்டும்.

துணி போர்த்திய பின் ரிப்புகளோடு சேர்த்துத் தைப்பது. மெழுகிட்ட நூலை நீண்ட ஊசியில் கோத்து, மேல்துணி வழியே இறக்கையைத் துளைத்து, கீழ்த்துணியில் எடுத்து, ஒவ்வொரு தையலையும் முடிச்சிட்டுப் பூட்ட வேண்டும். ஒரு தையல் அறுந்தாலும் அடுத்தது பிடிக்கும் என்பதற்காகத்தான் தனித்தனி முடிச்சு. புரொப்பெல்லர் காற்று அடிக்கும் பகுதியில் தையல் நெருக்கமாக வரும். நீங்கள் சுருட்டி வைத்த பழைய துணியையும் கையேட்டையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இறக்கைக்கு இருபுறமும் இருவர் நின்று ஊசியை மாற்றி மாற்றி வாங்கினால் வேலை சீராகப் போகும். தையல்மேல் ஓரம் நூலிழுத்த நாடாவை டோப்பில் ஒட்டுங்கள். பின்விளிம்பில் நீர் வடியும் துளைகளை மறந்தால், அடுத்த மழையில் உள்ளே தேங்கும் நீர் நீங்கள் செய்த மரவேலையைக் கெடுக்கத் தொடங்கும்.

டோப் அடுக்குகள்: முதல் பூச்சு துணிக்குள் ஊறுமாறு தூரிகையால். பிரிட்டிஷ் முறையில் இது செந்நிறம். விட்டுப்போன இடம் கண்ணுக்குத் தெரியும். அதன் மேல் அலுமினியத் தூள் கலந்த பூச்சு. சூரியனின் புற ஊதாக் கதிரிலிருந்து துணியைக் காப்பது அதுதான். இறக்கைக்கு உள்ளே விளக்கைப் பிடித்து இருட்டில் பாருங்கள். ஒளி கசிந்தால் இன்னொரு பூச்சு. கடைசியில் வண்ணம். நைட்ரேட் டோப்பின் மேல் பியூட்டிரேட் டோப் அடிக்கலாம், பியூட்டிரேட் மேல் நைட்ரேட் அடிக்கக் கூடாது. காற்றில் ஈரம் மிகுந்த நாளில் அடித்தால் டோப் வெளுத்துப்போகும். அந்த வெண்மை வெறும் நிறக்குறை அல்ல, வலுவும் குறைந்திருக்கும். நைட்ரேட் டோப் சட்டெனப் பற்றும் பொருள். பயன்படுத்திய துணிகளைத் தண்ணீர் வாளியில் போடுங்கள், காய்ந்த டோப் தூளைக் கொட்டகையில் சேரவிடாதீர்கள், முகமூடி இல்லாமல் உள்ளே போகாதீர்கள்.

படி 7: இன்ஜின்

ஜிப்ஸி மேஜர் காற்றால் குளிரும் நான்கு சிலிண்டர் இன்ஜின், தலைகீழாக நிற்பது: கிராங்க்ஷாஃப்ட் மேலே, சிலிண்டர்கள் கீழே. சிலிண்டர் துளை 118 மி.மீ., பிஸ்டன் வீச்சு 140 மி.மீ., மொத்தக் கொள்ளளவு 6.1 லிட்டர். விமானிக்கு முன்பார்வை நன்றாகத் தெரியவும், புரொப்பெல்லர் தரையிலிருந்து உயர்ந்து நிற்கவும் இந்த அமைப்பு உதவியது. தொடக்கக்கால மேஜர் 1-க்கு வெண்கல சிலிண்டர் ஹெட், அமுக்க விகிதம் 5.25-க்கு 1. பின்னால் வந்த 1சி-க்கு அலுமினிய ஹெட், 6-க்கு 1. 1930-களின் விமானத்தில் 1சி ஹெட் இருந்தால் அது பிற்காலத்தில் வந்தது.

இன்ஜினை முழுவதும் பிரித்துச் சீரமைக்கும் ஓவர்ஹால் உரிமம் பெற்ற பட்டறையின் வேலை. நீங்கள் செய்ய வேண்டியது அவர்களுக்குச் சரியான விவரம் கொடுப்பது. கிராங்க்ஷாஃப்ட், கனெக்டிங் ராட் இரண்டுக்கும் விரிசல் சோதனை அறிக்கை கேளுங்கள். ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் இரு மேக்னெட்டோக்களையும் சூடேற்றிச் சோதிக்கச் சொல்லுங்கள்; குளிரில் நன்றாகப் பொறி தரும் பழைய சுருள் சூட்டில் கைவிடும்.

தலைகீழ் இன்ஜினுக்கே உரிய ஆபத்து ஒன்று உண்டு. நிறுத்தி வைத்திருக்கும்போது எண்ணெய் பிஸ்டன் வளையங்களைத் தாண்டிச் சிலிண்டருக்குள் இறங்கித் தேங்கும். அந்த நிலையில் ஸ்டார்ட் செய்தால் திரவம் அமுங்காது, கனெக்டிங் ராட் வளையும். ஆகவே மேக்னெட்டோ சுவிட்சுகள் அணைந்திருப்பதை உறுதி செய்து, சக்கரத்துக்கு அடை வைத்து, புரொப்பெல்லரைக் கையால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். எங்காவது திடமாகத் தடுத்தால் வலிந்து சுற்றாதீர்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி எண்ணெயை வடியுங்கள். சுவிட்ச் அணைந்திருந்தாலும் புரொப்பெல்லரை உயிருள்ளதாகவே எண்ணிக் கை வையுங்கள்.

படி 8: காக்பிட்டும் சிறு பாகங்களும்

இங்கே சுருக்கமாகவே சொல்கிறேன். பெரிய திசைகாட்டி, திருப்பமானி, இரு காக்பிட்டுக்கும் இடையே பேசும் காஸ்போர்ட் குழாய் எல்லாம் பழைய பொருள் சந்தையில் கிடைக்கும். பழைய மானிகளின் முள்ளிலும் எண்ணிலும் ரேடியம் பூச்சு இருக்கலாம். அதைத் திறக்கவோ சுரண்டவோ வேண்டாம், உரிமம் உள்ளவரிடம் கொடுங்கள். எண்ணெய் டேங்க் உடலின் இடப்புறம் வெளியே தெரியும்படி இருக்கும். பின்னால் சேர்த்த பிரேக், வால்சக்கரம், ரேடியோ ஆகியவற்றைக் கழற்றும் முன், எந்த மாதிரி ஓடுதளத்தில் பறக்கப்போகிறீர்கள் என்று யோசியுங்கள். வால்சறுக்குப் புல்தரைக்குச் செய்தது. தார்த்தளத்தில் அது வழுக்கும், தேயும்.

படி 9: பூட்டுவதும் கம்பி முறுக்குவதும்

முதலில் உடற்கூட்டை நீளத்திலும் குறுக்கிலும் ரசமட்டத்தில் நிறுத்துங்கள். மேல் நடுப்பகுதியை நேராக்கிய பிறகே இறக்கைகள். டைகர் மாத்தின் இறக்கைகள் பின்னோக்கிச் சாய்ந்தவை. முன் காக்பிட்டில் இருப்பவர் பாராசூட்டோடு வெளியேற வழிவிட நடுப்பகுதியை முன்னால் தள்ளினார்கள். அதனால் குலைந்த சமநிலையை மீட்க இறக்கைகளைப் பின்னால் சாய்த்தார்கள். ஆகவே சாய்வு, மேல்நோக்கிய கோணம், இறக்கை உடலோடு பொருந்தும் கோணம் மூன்றும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கும். ஒரு கம்பியைத் திருகினால் மூன்றும் அசையும்.

தரையில் நிற்கும்போது இறக்கையைத் தாங்கும் கம்பிகளை முதலில் முறுக்கி மேல்நோக்கிய கோணத்தைக் கொண்டுவாருங்கள். பறக்கும்போது தாங்கும் கம்பிகள் அடுத்து, ஸ்ட்ரட்களுக்கிடையே குறுக்காகப் போகும் கம்பிகள் கடைசி. அளவுகளைக் கையேட்டிலிருந்து எடுத்து, ஒவ்வொரு சுற்றுக்குப் பின்னும் இருபுறமும் அளந்து எழுதுங்கள். கம்பியின் இரு முனைகளிலும் மரை எதிரெதிர்த் திசையில் இருப்பதால் இரு பக்கமும் சமமாக ஏற வேண்டும். முள்கரண்டி முனையில் உள்ள சோதனைத்துளையில் மெல்லிய கம்பியை நுழைத்தால் அது மரையில் முட்டி நிற்க வேண்டும். உள்ளே போனால் மரை போதவில்லை. தட்டையான கம்பியின் விளிம்பு காற்றைப் பார்த்து நிற்கட்டும்.

கட்டுப்பாட்டுக் கம்பிகளை ஒருவர் பூட்ட, தொடர்பில்லாத இன்னொருவர் தனியாகச் சரிபார்க்க வேண்டும். குச்சியை வலப்பக்கம் சாய்த்தால் வலது எய்லரான் மேலே போகிறதா? எளிய கேள்விதான். அதைக் கேட்காததால் மனிதர்கள் இறந்திருக்கிறார்கள்.

படி 10: வண்ணம், எடை, முதல் பறப்பு

படி 3-இல் எடுத்து வைத்த துண்டுகளைப் பகல் வெளிச்சத்தில் வைத்து வண்ணத்தைப் பொருத்துங்கள். விமானப்படைப் பயிற்சி விமானம் என்றால் போருக்குச் சற்று முன் மஞ்சள் முழுமையாக வரும். போர்க்காலத்தில் மேற்புறம் மண்நிறமும் கரும்பச்சையும், அடிப்புறம் மஞ்சள். அன்று அடித்தது டோப்; கண்ணாடிபோல் மின்னும் நவீன பெயின்ட் அழகாக இருக்கலாம், அந்த நாளின் விமானமாக இருக்காது. கூடுதல் பூச்சு கூடுதல் எடையும் ஆகும். தொழிற்சாலை வெற்று எடை ஏறக்குறைய 506 கிலோ, பறப்பதற்கான உச்ச எடை 828 கிலோ. எடை போட்டு, ஈர்ப்பு மையம் கணக்கிட்டு, தனியாக ஓட்டுபவர் பின் இருக்கையில் அமர்ந்த நிலையிலும் எல்லைக்குள் வருகிறதா என்று பாருங்கள்.

முதல் பறப்பை டைகர் மாத்தில் தொடர்ந்து பறக்கும் விமானியிடம் விடுங்கள், விமானம் உங்களுடையதாக இருந்தாலும். காற்றில்லாத காலை, புல்தரை, முன் இருக்கை காலி. ஒரு பக்கம் இறக்கை தாழ்கிறது என்று அவர் சொன்னால் கையேட்டில் உள்ளபடி கம்பியைச் சரிசெய்து மறுபடி அனுப்புங்கள்.

முதல் சில மணிநேரப் பறப்புக்குள் புதிய கம்பிகள் இளகும், மரப் புரொப்பெல்லரின் போல்ட்கள் தளரும், புதிய வளையங்கள் உலோகத்தூள் விடும். ஒவ்வொரு நாள் பறப்புக்குப் பின்னும் கம்பி இறுக்கத்தையும் போல்ட் முறுக்கத்தையும் சரிபாருங்கள். எண்ணெயை விரைவில் வடித்து, வடிகட்டியில் தேங்கியதைக் காந்தம் வைத்துப் பாருங்கள். எந்தப் பாகம் அசல், எது சரிசெய்தது, எது புதிதாகச் செய்தது, தொழிற்சாலை முறையிலிருந்து எங்கே விலகினீர்கள், எதற்காக விலகினீர்கள் என்பதைப் படங்களோடு ஒரு கோப்பாக்கி, அதன் ஒரு பிரதியை விமானத்தின் பதிவேட்டோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள். அடுத்து துணியைப் பிரிக்கப்போகிறவர் அங்கிருந்து தொடங்குவார்.